வாழ்வதற்கு மிக மோசமான ஊர் எது? பெயரோடு காரணத்தையும் சொல்லுங்கள்

திசைமானி

"மோசமான ஊர்" என்று பேச்செடுத்தால் வெயில், குப்பை, நெரிசல், பேச்சுத்துணை இல்லை என்று ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். இங்கே கொஞ்சம் கறாராகப் பேசலாம். ஊரின் பெயரைச் சொல்லுங்கள். அங்கே உடம்புக்கோ பிழைப்புக்கோ என்ன கேடு, அது எந்த வழியாக வருகிறது, எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தரவரிசைப் பட்டியல்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் ஆண்டுதோறும் 173 நகரங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்ந்து 25, மருத்துவம் 20, உள்கட்டமைப்பு 20, கல்வி 10. 2025 பட்டியலில் டமாஸ்கஸ் கடைசி. போரில் சிதைந்த ஊர் கடைசியில் நிற்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மதிப்பெண் யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் எவ்வளவு கூடுதல் படி தர வேண்டும் என்று கணக்கிட அது உதவுகிறது. 80-க்கு மேல் என்றால் படி தேவையில்லை, 50-க்குக் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பும் அதிகாரியின் பார்வை அது. அங்கேயே பிறந்து, அந்தக் குழாய்த் தண்ணீரையே குடிப்பவரின் பார்வை அதில் இல்லை. தவிர, 173-இல் சிற்றூர்களுக்கு இடமே இல்லை. மிக மோசமான ஊர்களோ பெரும்பாலும் சிறியவை.

பனிப்பாறை

முதல் பெயர் என்னுடையது: ரஷ்யாவின் நோரில்ஸ்க். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர். 1935-இல் கைதிகளின் உழைப்பில் தொடங்கிய ஊர். ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆனால் நாட்டின் மற்றப் பகுதிகளோடு சாலைத் தொடர்பும் இல்லை, ரயில் தொடர்பும் இல்லை. விமானம், இல்லையென்றால் துதிங்கா துறைமுகம் வழியாகக் கப்பல். குளிர்காலத்தில் ஆறு வாரத்துக்கும் மேல் சூரியன் எழுவதில்லை.

இதெல்லாம் சிரமம், கேடு வேறு. நிக்கல், செம்பு உருக்கும்போது தாதுவிலுள்ள கந்தகம் எரிந்து சல்ஃபர் டை ஆக்சைடாக வெளியேறும். பல பத்தாண்டுகளாக ஆண்டுக்கு 20 லட்சம் டன்னை ஒட்டி வெளியேறியது. ஊருக்குள்ளேயே இருந்த நிக்கல் ஆலையை 2016-இல்தான் மூடினார்கள்.

இன்னொன்று காலடியில் இருக்கிறது. கட்டடங்கள் நிரந்தர உறைநிலத்தில் இறக்கிய கான்கிரீட் தூண்கள்மேல் நிற்கின்றன. தூணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதைச் சுற்றி உறைந்துபோன மண். அதனால் கட்டடத்தின் சூடு தரைக்கு இறங்காதபடி, அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே குளிர்காற்று புகுந்து போக இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில் ஓடும் வெந்நீர்க் குழாய் ஒழுகினால் கதை முடிந்தது. ஒழுகிய இடத்தில் மண் இளகும், ஒரு மூலைத் தூண் மட்டும் இறங்கும், ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் கிளம்பும். காற்றும் சூடாகி வருவதால் ஒழுகல் இல்லாத இடங்களிலும் பிடிமானம் குறைகிறது. 2020 மே மாத இறுதியில் அங்கே ஒரு டீசல் தொட்டி சரிந்து ஏறத்தாழ 20,000 டன் எண்ணெய் கொட்டியதற்கும் அடித்தளம் இறங்கியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆலமரம்

நோரில்ஸ்கில் ஊர் முழுதுக்கும் குழாய்வழி வெப்பமூட்டல் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத ஊரைச் சொல்கிறேன். பெருவின் லா ரின்கொனாடா. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,100 மீட்டர். உலகிலேயே இவ்வளவு உயரத்தில் நிரந்தரமாக மக்கள் வசிக்கும் ஊர் வேறில்லை. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி.

உடம்பு இதற்கு ஒரு வழி செய்துகொள்ளும்: சிவப்பணுக்களைப் பெருக்கும். ஓர் அளவுக்கு மேல் அது நோய். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 21 கிராம்/டெசிலிட்டரையும் பெண்களுக்கு 19-ஐயும் தொட்டால், அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து நாள்பட்ட மலைநோய் என்று கணிப்பார்கள். ரத்தம் குழம்பாகி இதயத்தின் வலப்பக்கம் திணறும், உதடு நீலம் பாயும், தலைவலி ஓயாது. நிச்சயமான மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. பிழைப்பு மேலே இருப்பதால் இறங்குவதில்லை.

பிழைப்பு எப்படிப்பட்டது தெரியுமா? 'கச்சோரேயோ' என்ற முறை. மாதம் முழுக்கக் கூலி இல்லாமல் சுரங்க முதலாளிக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக மாதத்தில் ஓரிரு நாள் வெட்டி எடுக்கும் கல்லைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாம். அதில் தங்கம் இருந்தால் அதிர்ஷ்டம். அரைத்த கல்லோடு பாதரசம் சேர்த்தால் அது தங்கத்தைப் பிடித்து உருண்டையாகும். உருண்டையின் எடையில் பாதிக்குப் பக்கம் பாதரசமே. அதை ஊதுகுழல் தீயில் காட்டினால், 357 டிகிரியில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் மிஞ்சும். ஆவி எங்கே போகிறது? குளிர்ந்த தகரக் கூரையிலும் பனியிலும் படிகிறது. கூரைப்பனி உருகும் தண்ணீரைப் பிடித்துப் புழங்குகிறார்கள். ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் மூடிய கலத்தில் வைத்துச் சுட்டால் பாதரசத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடலாம். கருவி எளியது, ஆனால் தங்கம் வாங்கும் கடைகள் திறந்த தீயிலேயே சுடுகின்றன. கழிவுநீர்க் குழாயும் இல்லாத ஊர் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பனிப்பாறை

ஆலமரம் நண்பரே, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் கேடு தெரிந்தே போகிறார்கள். காலை எழுந்ததும் மூச்சு முட்டுவது ஒன்றே எச்சரிக்கை. ஊர் மோசம் என்பதற்கும் தொழில் மோசம் என்பதற்கும் வித்தியாசம் வைக்க வேண்டாமா?

ஆலமரம்

பெரியவர்களைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வளரும் குழந்தைகள் எதையும் தெரிந்து போனவர்கள் இல்லை.

தூசுப்படலம்

குழந்தைகள் பற்றிப் பேச்சு வந்ததால் கப்வேயைச் சொல்லியே ஆக வேண்டும். ஜாம்பியாவில் இருக்கிறது. 1902 முதல் 1994 வரை அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். சுரங்கம் மூடி 30 வருடம் கடந்தும் ஈயம் ஊரைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது. ஈயம் மட்கும் பொருள் கிடையாது. மேல்மண்ணில் படிந்தது அங்கேயே கிடக்கும், காய்ந்த காலத்தில் காற்றோடு எழும், திரும்பப் படியும்.

இந்த ஊரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புகை இல்லை, நாற்றம் இல்லை. சாதாரண மண் தெரு. அதில் தவழும் குழந்தையின் விரல்களைப் பாருங்கள்: ஈரமான விரல் தரையில் பட்டதும் நுண்தூசி மாவு போல ஒட்டுகிறது, அடுத்த நொடி விரல் வாயில். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம்.

எண்களைச் சொல்கிறேன். ரத்தத்தில் 5 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. 45-ஐத் தொட்டால் குழந்தைகளுக்கு ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து தர வேண்டும். கப்வேயில் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் 45-ஐத் தாண்டிய குழந்தைகள் ஏராளம்.

மருந்து இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சிகிச்சை முடிந்து குழந்தை திரும்புவது அதே வாசலுக்குத்தான். சில வாரங்களில் அளவு மறுபடி ஏறும். மூளைக்கு ஆன சேதத்தை மருந்து திருப்பித் தருவதும் இல்லை. அதனால்தான் என் கணக்கில் நோரில்ஸ்கையும் லா ரின்கொனாடாவையும்விட இது மோசம். அங்கெல்லாம் உடம்பு கெட்டது உடம்புக்குத் தெரியும். இங்கே ஒரு பிள்ளை பள்ளியில் ஏன் பின்தங்குகிறது என்று வீட்டுக்கே தெரியாமல் போய்விடும்.

வெயிலோன்

குளிரும் சுரங்கமும் பேசிட்டீங்க, வெயிலுக்கு வர்றேன். பாகிஸ்தானோட ஜேக்கபாபாத். 2022 மே மாசம் 51 டிகிரி தொட்ட ஊர். ஆனா அந்த 51-ஐ வச்சு நான் மோசம்னு சொல்லல. வெயிலைப் பத்திப் பேசுற பாதிப் பேர் தப்பான எண்ணைப் பார்க்கறாங்க. பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை.

வெப்பமானி முனையில ஈரப் பருத்தித் துணியச் சுத்தி, விசிறிக் காத்து படற மாதிரி வச்சுட்டு, இறங்கி நிக்கிற எண்ணைக் குறிச்சுக்கணும். அதான் ஈரக்குமிழ். வேர்வை காய்ஞ்சு உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும்ங்கறதை அது காட்டுது. உதாரணம் பாருங்க: 45 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னா ஈரக்குமிழ் ஏறத்தாழ 26. அதே 40 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னா ஏறத்தாழ 31. வெப்பமானியில 5 டிகிரி கம்மியா காட்டற ஊர்தான் ஆளைக் கொல்லும்.

ஈரக்குமிழ் 35-க்கு மேல போனா நிழல்ல சும்மா உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆளுக்கே சில மணி நேரத்துல உயிராபத்துன்னு ரொம்ப நாளா சொல்லி வந்தாங்க. இளவயசு ஆட்களை வச்சு அமெரிக்காவுல செஞ்ச சோதனையில 31-ஐ ஒட்டியே உடம்பு தாக்குப்பிடிக்காமப் போறது தெரிஞ்சுது. ஜேக்கபாபாத் அந்த 35-ஐயே கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்த ஊர். அந்த நேரத்துல மின்சாரம் நின்னா என்ன ஆகும்? காத்து உடம்புச் சூட்டைவிடச் சூடா இருக்கு, வேர்வையும் காயல. அப்போ விசிறியால பிரயோசனம் இல்ல.

ஊர் மாறப் போறவங்க பகல் உச்சத்தை மட்டும் பார்க்காதீங்க. ராத்திரி எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ராத்திரியும் 30-க்குக் கீழ இறங்கலைன்னா உடம்புக்கு ஓய்வே கிடையாது. அனல் அலைச் சாவுகள்ல நிறைய, மூணாவது நாலாவது நாள் சேர்ந்து வர்ற களைப்பால நடக்கறது. கான்கிரீட் கூரைக்கு நேர் கீழ இருக்கிற மாடி வீடு சாயங்காலத்துக்கு அப்புறம்தான் சூட்டைக் கீழ விடும், அதனால வீடு பார்க்கப் போறது ராத்திரி 9 மணிக்கு மேல இருக்கட்டும்.

குழாயடி

இதுவரை சொன்ன ஊர்களில் கேட்டை இயற்கையும் சுரங்கமும் கொண்டுவந்தன. அலுவலகத்தில் எடுத்த ஒரு முடிவு கொண்டுவந்த கேட்டுக்கு உதாரணம் அமெரிக்காவின் ஃபிளின்ட். அங்கே குடிநீரில் ஈயம் கலந்தது. பெயரளவில் கேட்டிருப்பீர்கள். எப்படி நடந்தது என்பதைப் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். ஆற்றில் ஈயம் இல்லை. ஈயம் வந்தது குழாயிலிருந்து.

பழைய ஈயக் குழாயின் உட்சுவரில் காலப்போக்கில் ஒரு படலம் கட்டும். தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கொஞ்சம் சேர்த்தால் அந்தப் படலம் உறுதியாக நிற்கும், ஈயம் கரையாது. 2014 ஏப்ரல் 25 அன்று செலவைக் குறைக்க நகரத்தின் நீர் ஆதாரத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். ஆற்று நீரில் குளோரைடு அதிகம், அது உலோகத்தை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. படலம் உரியத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஊரிலிருந்த கார் இன்ஜின் ஆலை, உதிரிபாகங்கள் துருப்பிடிப்பதைப் பார்த்து அந்தத் தண்ணீரை விட்டுவிட்டது. வீடுகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருடம் அதே தண்ணீர்தான் போனது. 2015 அக்டோபரில்தான் பழைய ஆதாரத்துக்குத் திரும்பினார்கள்.

"தண்ணீர் பரிசோதித்தாயிற்று, பாதுகாப்பானது" என்று எந்த ஊர் சொன்னாலும் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். சரியான முறை இது. குறைந்தது 6 மணி நேரம் வீட்டில் யாரும் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது. காலையில் சமையலறைக் குளிர்நீர்க் குழாயில் வரும் முதல் லிட்டரை, சுத்தமான அகன்ற வாய்ப் புட்டியில், அதை முன்னால் அலசாமல் அப்படியே பிடிக்க வேண்டும். முதல் நாள் இரவு குழாயைத் திறந்து ஓடவிட்டால் எண் குறைந்துவிடும். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட்டுப் பிடித்தாலும் குறையும், அதில் சிக்கிய ஈயத்துகள் கணக்கில் வராது. இன்னொன்று: முதல் லிட்டர் காட்டுவது வீட்டுக்குள் உள்ள குழாயை. தெருவிலிருந்து வரும் இணைப்புக் குழாய் ஈயமா என்று தெரிய ஐந்தாவது லிட்டரைத் தனிப் புட்டியில் பிடிக்க வேண்டும்.

இணைப்புக் குழாயைக் கையாலேயே சோதிக்கலாம். நாணயத்தின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். மெத்தென்று இழுபட்டு வெள்ளிபோல் பளிச்சென்று கோடு விழுந்து, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். இரும்பு என்றால் காந்தம் ஒட்டும், செம்பு என்றால் சுரண்டிய இடம் செந்நிறம். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கூடும், அவ்வளவுதான்.

நகர்வலம்

இழை நன்றாகப் போகிறது, ஆனால் இதைப் படிக்கும் யாரும் நாளைக்குக் கப்வேயா நோரில்ஸ்கா என்று தேர்ந்தெடுக்கப் போவதில்லை. பெயர் பெறாத ஊர்கள்தான் மக்களை மெதுவாகத் தின்கின்றன.

என் பட்டியலில் முதலிடம் ஒற்றைத் தொழில் ஊருக்கு. ரஷ்யாவில் 'மோனோகோரத்' என்றே இவற்றுக்குப் பெயர், அரசின் பட்டியலில் 300-க்கும் மேல் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலக்கரி, உருக்கு, துணியாலை ஊர்கள் நூற்றுக்கணக்கில் இதே வடிவம்தான். வேலை, வீடு, மருத்துவமனை, பள்ளி எல்லாமே ஒரே ஆலையைச் சுற்றி இருக்கும். ஆலை மூடினால் வேலை போகும் அன்றே வீட்டின் விலையும் விழுகிறது. வேறு ஊருக்குப் போக வேண்டுமென்றால் வீட்டை விற்றாக வேண்டும், வாங்க ஆள் இல்லை. இளைஞர்கள் முதலில் போவார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளி மூடும், பிறகு பிரசவ வார்டு, பிறகு பேருந்து. இந்த வரிசை ஏறத்தாழ மாறுவதே இல்லை. ஊருக்குக் குடிபோகுமுன் பிரசவ வார்டு இன்னும் இயங்குகிறதா என்று கேட்டாலே ஊரின் ஆயுள் தெரிந்துவிடும்.

அடுத்தது மருத்துவமனைத் தூரம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆகவே "பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா" என்று கேட்பதில் அர்த்தமில்லை. இரவு 2 மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கும் மருத்துவமனை எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும்.

இரைச்சலையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலைச் சத்தம் இரவில் சராசரி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. நெடுஞ்சாலை ஓரத்து வீடு பெரும்பாலும் அதை மீறியே இருக்கும்.

ஆலமரம்

இரைச்சலையும் ஈயத்தையும் ஒரே இழையில் வைப்பது எனக்கு நெருடுகிறது, நகர்வலம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் தீருவதும், பிள்ளையின் மூளைக்குத் திரும்ப வராததும் ஒன்றா?

நகர்வலம்

ஒன்றல்ல. ஆனால் இரைச்சலில் இருப்பவர்கள் கோடிக்கணக்கில். மோசத்தின் ஆழத்தை மட்டும் அளந்தால் பத்து ஊரோடு பேச்சு முடிந்துவிடும். எத்தனை பேர்மேல் படுகிறது என்பதும் அளவுதானே.

ஈரடி

நிலமே இறங்கும் ஊர்கள் விட்டுப்போயின. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப்படுகைக் களிமண்மேல் நிற்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் நெரிந்து, சில பகுதிகள் வருடத்துக்கு 50 சென்டிமீட்டர் வரை இறங்குகின்றன. களிமண் ஒருமுறை நெரிந்தால் மழை கொட்டினாலும் திரும்ப உப்பாது. 1910-இல் கட்டிய விடுதலைத் தேவதை நினைவுத்தூண் ஆழமான அடித்தளத்தில் நிற்பதால் அது இறங்கவில்லை, சுற்றியுள்ள தெரு இறங்கியது. தூணுக்கு ஏறிப்போக 14 படிகளைக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

வாங்கப் போகும் கட்டடத்திலும் இதையே தேடுங்கள். வாசல் படிக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறதா? புதிதாக ஒரு படி ஒட்டவைத்திருக்கிறார்களா? ஆழ்துளைக் கிணற்றின் உறைக்குழாய் தரைமட்டத்துக்கு மேல் வழக்கத்தைவிட உயரமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதா? குழாய் வளரவில்லை, தரை இறங்கியிருக்கிறது. கழிவுநீர்க் குழாயின் சரிவும் மாறியிருக்கும், மழை இல்லாத நாளிலும் சாக்கடை எதிர்த்து வரும்.

வெள்ளத்துக்குச் சுவரைவிட மின்மீட்டரைப் பாருங்கள். சுவருக்கு வண்ணம் அடித்துவிடலாம். தெரு முழுக்க மீட்டர்களை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தால் அந்த உயரத்துக்குக் கீழே தண்ணீர் வந்திருக்கிறது என்று பொருள்.

தூசுப்படலம்

அருமையான குறிப்பு. இதோடு ஒரு பொதுத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஊர்த் தண்ணீர் எப்படி என்று டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தக் கருவி அளப்பது மின்கடத்துதிறனை, அதிலிருந்து மொத்த உப்பைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆர்சனிக்கின் பாதுகாப்பு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதன் பத்து மடங்கு இருந்தாலும் டிடிஎஸ் எண்ணில் ஒரு புள்ளிகூட நகராது. 150 காட்டும் இனிப்பான தண்ணீர் நஞ்சாக இருக்கலாம், 900 காட்டும் உவர்நீர் வெறும் உவர்ப்பாக மட்டும் இருக்கலாம். ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கோடு விழும். அந்த ஊரிலேயே வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைகளின் முன்பற்களைப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும், பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

வெயிலோன்

காத்துக்கும் அதே தப்பு நடக்குது. பிஎம் 2.5-ங்கற நுண்தூசியோட ஆண்டு சராசரி 5 மைக்ரோகிராம்/கனமீட்டருக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லிடுச்சு. ஆனா ஆண்டு சராசரி கோடைக்காலத்தையும் சேர்த்துக் கலக்கி விட்டுடும். குளிர்கால ராத்திரிகளை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. நாலு பக்கமும் மலை இருக்கிற பள்ளத்தாக்கு ஊர்னா கட்டாயம் பாருங்க, மேல சூடான காத்து மூடி மாதிரி உட்கார்ந்து புகையைக் கீழயே அமுக்கிடும். கையடக்கக் கருவி வச்சுப் பார்க்கறவங்களுக்கு ஒண்ணு: பனிமூட்டத்துல துகள் ஈரம் குடிச்சு ஊதிடும், கருவி நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டும்.

ரசாயன ஆலைப் பக்கம் "முதல்ல நாறுச்சு, இப்ப பழகிடுச்சு"ன்னு யாராவது சொன்னா கவனமா கேளுங்க. அழுகின முட்டை வாசம் வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனா மூக்கையே மரக்க வச்சிடும். வாசம் நின்னது நல்ல சேதி இல்ல.

திசைமானி

இவ்வளவையும் படித்தபின் எனக்கு ஓர் அளவுகோல் பிடிபடுகிறது: கேடு தெரிந்தபின் ஊரைவிட்டு வெளியேற என்ன வழி இருக்கிறது? அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துப் பிச்சர் ஊரைப் பாருங்கள். ஈயச் சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த ஊர். 1983-இல் அரசு சுத்தப்படுத்த வேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் சுரங்கக் குழிகள்மேல் நிற்கும் வீடுகள் சரியும் அபாயம் உறுதியானது, 2008 மே மாதம் சூறாவளி அடித்தது, 2009-இல் ஊராட்சியே இயங்குவதை நிறுத்தியது. இழப்பீடு கொடுத்து மக்களை அனுப்பினார்கள். 26 வருடம் தாமதம், ஆனாலும் வழி ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவின் விட்டனூமும் அப்படியே. நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வெட்டிய ஊர், கழிவைச் சாலைக்கும் பள்ளி முற்றத்துக்கும் பரப்பியிருந்தார்கள். சுரங்கம் 1966-இல் மூடியது, 2007-இல் அரசு ஊர் என்ற தகுதியையே நீக்கியது. கல்நார் நோய் தலைகாட்ட 20 முதல் 40 வருடம் ஆகும் என்பதால் மூடியபிறகும் சாவு தொடர்ந்தது.

கப்வேயில் பெருந்திரளான மக்கள், வாங்கிக்கொள்ள யாரும் இல்லாத வீடுகள், போக இடம் இல்லை. என் வாக்கு அதற்கே.

பனிப்பாறை

அளவுகோல் சரி, ஆனால் பிச்சரை நல்ல உதாரணமாக வைப்பதில் ஒரு குறை. இழப்பீடு முதன்மையாக வீட்டின் மதிப்புக்குப் போகும். வாடகைக்கு இருப்பவர் கையில் கிடைப்பது கொஞ்சம். ஒரே ஊரில் சொந்த வீட்டுக்காரருக்கு வெளியேறும் வழி அகலம், வாடகைக்காரருக்குக் குறுகல். பெயரைச் சொல்லும்போது யாருக்கு மோசம் என்பதும் கூடவே வர வேண்டும்.

குழாயடி

ஏற்கிறேன். தூசுப்படலம், ஒரு கேள்வி: பழைய உருக்காலையோ பேட்டரி உடைக்கும் பட்டறையோ இருந்த ஊரில் வீடு பார்க்கிறவர் மண்ணைச் சோதிக்க எப்படி மாதிரி எடுப்பது? ஆழமாகத் தோண்டி எடுத்து அனுப்புகிறார்கள், சுத்தம் என்று முடிவு வருகிறது.

தூசுப்படலம்

தோண்டினால் அப்படித்தான் வரும். ஈயம் மேலே 2, 3 சென்டிமீட்டரில்தான் தங்கும், அடியில் உள்ள நல்ல மண் கலந்து எண்ணைக் குறைத்துவிடும். புல்லையும் சருகையும் ஒதுக்கிவிட்டு மேல்மண்ணை மட்டும் வழித்தெடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்று இடங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: கூரைத் தண்ணீர் சொட்டும் கோடு, குழந்தை விளையாடும் இடம், தெருவை ஒட்டிய விளிம்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் பத்துப் புள்ளிகளில் ஒரு கரண்டி வீதம் எடுத்து ஒரே பையில் கலக்கலாம், ஆனால் ஓர் இடத்தின் பையை இன்னோர் இடத்தோடு கலக்கக் கூடாது. பிளாஸ்டிக் கரண்டி போதும், இடம் மாறும்போது கழுவித் துடையுங்கள். ஆய்வகத்திடம் 150 மைக்ரான் சல்லடையில் சலித்து அளக்கச் சொல்லுங்கள், விரலில் ஒட்டுவது அந்த நுண்பகுதிதான். அமெரிக்காவில் குடியிருப்புப் பகுதி மண்ணுக்கு வெகுகாலம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருந்தார்கள், 2024-இல் அதை 200 ஆக்கினார்கள். 200-க்கு மேல் வந்தால் வெற்று மண்ணை மூடாமல் கைக்குழந்தையோடு குடிபோக வேண்டாம். ஏற்கெனவே குடியிருப்பவர் என்றால் வீட்டுக்குள் விளக்குமாற்றை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டினால் தூசி எழும்பி ஜன்னல் விளிம்பில் போய் உட்காரும், குழந்தை எழுந்து நிற்கப் பிடிக்கும் இடம் அதுதான்.